வான்கோழிக்கு வழி சொன்ன பெரியவர்

ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் மடங்களில் ‘ஸ்தாரெத்ஸ்’ எனப்பட்ட ஆன்மிகப் பெரியவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே, நம் வாசகர்கள் தஸ்தாயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் வரும் பெரியவர் ஸோசிமாவோடு நின்றுவிடுகிறார்கள். மூன்று வயதுகூட நிறையாத மகன் அல்யோஷாவை 1878இல் பறிகொடுத்த தஸ்தாயெவ்ஸ்கி, ஓப்தினா மடத்துக்குப் போய்ப் பெரியவர் அம்வ்ரோசியைச் சந்தித்தார் என்பது பலரும் அறிந்ததே. அப்போது அவருக்கு வழித்துணையாகச் சென்ற தத்துவவாதி விளாதிமிர் சொலவ்யோவைத்தான் பின்னாளில் பிளோக், பேலி போன்ற குறியீட்டியக் கவிஞர்கள் ஆசானாக வரித்துக்கொண்டார்கள்.

அந்தக் கவிஞர்கள் கற்பனை செய்த பெரியவர் வேறு, மடத்தில் இருந்த பெரியவர் வேறு என்பது என் எண்ணம். அம்வ்ரோசி தீராத நோயாளி; பெரும்பாலும் படுத்தபடியே மக்களைச் சந்தித்தவர். எஜமானியின் வான்கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுவதாகவும் தன் வேலை போய்விடும் என்றும் ஒரு கிராமத்துப் பெண் அழுதபோது, என்ன தீனி போடுகிறாய் என்று பொறுமையாக விசாரித்து, மாற்றுத் தீனி சொல்லி அனுப்பினாராம். சிரித்தவர்களிடம், அவளுடைய வாழ்க்கை முழுவதும் அந்த வான்கோழிகளில்தான் இருக்கிறது என்றாராம். உலக முடிவையும் சொலவ்யோவ் பாடிய ‘சோஃபியா’ என்னும் தெய்விக ஞானப் பெண்ணையும் எதிர்பார்த்துக் காத்திருந்த இளைஞர்களுக்கு இது சப்பென்றுதான் இருந்திருக்கும்.

மாஸ்கோவின் தொன்ஸ்கோய் மடத்தில் ஓய்வில் இருந்த ஆயர் அந்தோனியிடம் பேலியும் போனார், அவருடைய நண்பர் பாவெல் ஃப்ளரேன்ஸ்கியும் போனார். பேலியின் தந்தையிடம் கணிதம் பயின்ற ஃப்ளரேன்ஸ்கி துறவு வேண்டி நின்றபோது ஆயர் இசையவில்லை; முதலில் இறையியல் படி என்று அனுப்பிவைத்தார். ஃப்ளரேன்ஸ்கி கேட்டுக்கொண்டார்: 1904இல் இறையியல் கழகத்தில் சேர்ந்தார், 1910இல் திருமணம், அடுத்த ஆண்டே குருப்பட்டம். பேலியோ 1912இல், ‘ஆந்த்ரபோசஃபி’ என்ற ஆன்மிக இயக்கத்தைத் தோற்றுவித்த ருடால்ஃப் ஸ்டைனரின் சீடரானார். கீழ்ப்படிதல் என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பெரியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள இந்தக் கவிஞர்கள் ஆயத்தமாக இருந்தார்கள் என்று சொன்னால் அது கடுமையான தீர்ப்புதான்; ஆனாலும் அதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

விதிவிலக்காக நான் கருதுவது குறியீட்டியக் கவிஞர் அலெக்ஸாந்தர் தப்ரல்யூபவை. கவிதையை உதறிவிட்டுக் கால்நடையாகக் கிளம்பி, சொலவெத்ஸ்கி மடத்தில் பயிற்சித் துறவியாகச் சேர்ந்தவர். அங்கும் தரிக்காமல் வெளியேறி, வோல்கா பகுதிக் கிராமத்து மக்களிடையே தாமே ஒரு பெரியவரானார். பழைய நண்பர்கள் அவரைப் புராண நாயகராக்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரோ கடைசிக் காலத்தில் அஸர்பைஜானில் அடுப்புக் கட்டிப் பிழைத்தார்.