டிவில இதெல்லாம் வராது
அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்ல) மேட்ச்ச வீட்ல டிவில பாத்தா போதும், ஸ்டேடியம் போறது வேஸ்ட்னு கட்டுரைல எழுதிருக்கீங்க, பாதி ஒத்துக்குறேன், 60 நிமிஷ ஆட்டம் மூன்றரை மணி நேரம் இழுக்கும், விளம்பர பிரேக்னா சிவப்பு தொப்பி போட்ட ஒருத்தர் கிரவுண்டுக்குள்ள வந்து நிப்பாரு, அவரு வெளிய போற வரைக்கும் எல்லாரும் தேமேன்னு நிக்கணும், ஆனா நான் டெக்சாஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டில எம்எஸ் படிச்சப்போ அங்க இருக்குற கைல் ஃபீல்டு ஸ்டேடியத்துக்கு போயிருக்கேன், லட்சம் பேருக்கு மேல பிடிக்குற இடம், ஸ்டூடன்ட்ஸ் பக்கம் யாரும் உக்காரவே மாட்டாங்க, 1922ல டாலஸ்ல ஒரு மேட்ச்ல எங்க காலேஜ் டீம்ல நிறைய பேருக்கு அடிபட்டு ஆள் பத்தாம போயிடுமோன்னு பாக்க வந்திருந்த கிங் கில்னு ஒரு ஸ்டூடன்ட்ட கூப்பிட்டு டிரெஸ் மாத்தி ரெடியா நிக்க வெச்சாங்க (கடைசி வரைக்கும் அவர இறக்கவே இல்ல பாவம்), அந்த நினைப்புலதான் இன்னைக்கும் நிக்கிறாங்க. வார் ஹிம்னு எங்க காலேஜ் பாட்ட பாடும்போது தோள்ல கை போட்டு மொத்த கூட்டமும் இடமும் வலமுமா ஆடும், மேல் அடுக்குல நின்னா கான்கிரீட் ஆடுறது கால்லயே தெரியும், முதல் தடவ நான் கம்பிய கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். மேல கமென்ட்ல ஒருத்தர் ரூல்ஸ் தெரியாம போனா போர்ங்கிறாரு, எனக்கும் ஒரு எழவும் தெரியாது சார், பக்கத்துல நின்ன பையன்தான் பந்தோட பத்து யார்டு முன்னாடி போக நாலு சான்ஸ், அவ்ளோதான்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிக்குடுத்தான்.