‘பத்து நாளில் ஸ்கோபஸ்’ என்று வரும் மெசேஜுக்குப் பணம் அனுப்பும் முன்

கிண்டி, தரமணி, சேப்பாக்கம் என்று பிஎச்டி ஸ்காலர்கள் இருக்கிற எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இந்த விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது: ஸ்கோபஸ் பேப்பர், பத்து நாளில் அக்செப்டன்ஸ், கேரண்டி. ஸ்கோபஸ் என்பது ஜர்னல்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிடும் தரவுத்தளம். பணம் கட்டுகிற பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கைடுகளாகிய நாம் ஆய்வகத்தில் கருவியை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம். ஜர்னலைத் தேர்ந்தெடுக்கவும், பேப்பரை மதிப்பிடும் ரிவ்யூவருக்குப் பதில் எழுதவும் சொல்லிக்கொடுப்பதில்லை. தீசிஸ் சுருக்கத்தை ஒப்படைக்கும் சினாப்சிஸ் தேதி நெருங்கியதும் பயந்துபோய் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐஎஸ்எஸ்என் இருந்தாலே அங்கீகாரம் என்று பலர் நம்புகிறார்கள். அது ஜர்னலுக்குத் தரும் எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். தரம் பார்த்துத் தருவதில்லை. அந்த எண்ணை ஸ்கோபஸ் தளத்தின் ‘சோர்சஸ்’ பக்கத்தில் போட்டுப் பாருங்கள், சந்தா தேவையில்லை. ‘கவரேஜ் டிஸ்கன்டின்யூடு’ என்று வந்தால், ஜர்னலின் முகப்பில் எவ்வளவு பெரிய ஸ்கோபஸ் முத்திரை இருந்தாலும் நீங்கள் இன்று போடும் பேப்பர் அங்கே ஏறாது. போலித் தளங்களும் உண்டு. நல்ல ஜர்னலின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்து வேறு முகவரியில் கடை விரித்திருப்பார்கள். அந்தத் தளத்தில் போன வருடம் வந்த இரண்டு பேப்பரின் தலைப்பை சந்தா உள்ள நூலகக் கணினியில் ஸ்கோபஸில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

பெரிய பதிப்பகம் என்பதும் முழுக் காப்பு இல்லை. வைலி பதிப்பகம் வாங்கிய ஹிந்தாவியின் ஜர்னல்களில் 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட பேப்பர்களைத் திரும்பப் பெற்றார்கள், பெரும்பாலும் கெஸ்ட் எடிட்டர்கள் தொகுக்கும் ஸ்பெஷல் இஷ்யூக்களில் வந்தவை. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஜர்னல்களின் யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு போய்விட்டது. உங்கள் பல்கலைக்கழகம் எதை ஏற்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள்.

காசு கட்டினால்தான் பேப்பர் வரும் என்பதும் தவறு. ஹைப்ரிட் ஜர்னல்களில் அக்செப்ட் ஆனபிறகு ஓப்பன் ஆக்சஸா (யாரும் இலவசமாகப் படிக்க, எழுதியவர் பணம் கட்டுவது), சந்தா முறையா (படிப்பவர் கட்டுவது) என்று கேட்பார்கள். சந்தா முறையைத் தேர்ந்தெடுத்தால் பொதுவாகக் கட்டணம் கிடையாது. பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியின் ‘பிரமாணா’, ‘சாதனா’ போன்றவையும் சந்தா முறையில் பேப்பர் எழுதியவரிடம் பணம் கேட்பதில்லை.

எடிட்டர் மேசையிலேயே திரும்பி வருகிற பேப்பர்களில் பலவற்றுக்கு ஆய்வு காரணமே இல்லை. ஜர்னலின் எல்லைக்கு வெளியே இருக்கும், அல்லது கவர் லெட்டரில் புதிதாக என்ன கண்டோம் என்ற ஒரு வரி இருக்காது.

மேஜர் ரிவிஷன், அதாவது பெரிய திருத்தம் செய்து மறுபடி அனுப்பச் சொல்லி, வந்தால் பாதிப் பேர் இடிந்துபோகிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி. ஒரு பேப்பர் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அந்தப் பதில் கடிதத்தில்தான். பள்ளிக்கரணையைச் சுற்றி 24 கிணறுகளில் நிலத்தடி நீரின் உப்பை அளந்த ஒரு பேப்பர் என்று வையுங்கள். ‘ஒரே பருவத்தில் எடுத்த மாதிரியை வைத்து இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?’ என்கிறார் ரிவ்யூவர். ‘நன்றி, திருத்திவிட்டோம்’ என்று எழுதினால் எதைத் திருத்தினோம் என்று அவர் தேட வேண்டும், தேட மாட்டார். அவர் கேள்வியை முழுசாக ஒட்டி, அதன் கீழே இப்படி எழுதுங்கள்: ‘மாதிரிகள் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஜனவரியில் மட்டும் எடுக்கப்பட்டவை. கோடைக்கால அளவு எங்களிடம் இல்லை. எனவே ஆண்டு முழுவதும் என்ற முடிவை நீக்கி, மழைக்குப் பிந்தைய காலத்தில் என்று மாற்றியுள்ளோம். பக்கம் 11, வரி 243 முதல் 247 வரை. சுருக்கத்திலும் இதே மாற்றம்.’ இல்லாத தரவை இல்லை என்று சொல்லி, முடிவை அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலான ரிவ்யூவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சண்டை வேண்டாம், அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். இரண்டு ரிவ்யூவர்கள் முரண்பட்டால், யார் சொன்னதை எடுத்தோம், ஏன் என்று எடிட்டருக்கே எழுதுங்கள். கெடு முடியும் முன்பே அவகாசம் கேளுங்கள். தாண்டிவிட்டால் புது சப்மிஷனாகக் கணக்கு வைத்துவிடுவார்கள்.

ரிஜெக்ட் ஆனாலும் ரிவ்யூவர் குறிப்புகளின்படி பேப்பரைத் திருத்தாமல் அன்றைக்கே அடுத்த ஜர்னலுக்கு அனுப்பாதீர்கள். துறை சிறியது. அங்கேயும் அதே ரிவ்யூவர் கைக்குப் போனால், ஒரு வரிகூட மாறவில்லை என்பது அவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.