ரெண்டாந்தரம் லைன்ல நிண்டா கள்ளியோ?

நேத்தையில இருந்து அந்த வீடியோதான் எல்லா இடமும் ஓடுது. இஞ்ச திருப்பிப் போடமாட்டன், பாத்த ஆக்களுக்குத் தெரியும். வெள்ளம் ஏறிப் பள்ளிக்கூடத்தில வந்து கிடக்கிற மனிசி ரெண்டாந்தரமும் நிவாரணப் பொதிக்கு வந்திட்டாவாம், தொண்டு செய்ய வந்த தம்பி ஃபோன அவவின்ர மூஞ்சிக்கு நேர பிடிச்சுக்கொண்டு "அம்மா முதலும் வாங்கினீங்கள்தானே" எண்டு கேக்கிறார். கீழ ஒரே கைதட்டல். அவவுக்குப் பிள்ளையள் இருக்கும், அதுகளோட படிக்கிறதுகளிட்டயும் ஃபோன் இருக்கும் எண்டு ஒருத்தருக்கும் ஓடேல்ல.

ரெண்டு தரம் வாங்கினா அது களவில்லை. அடுத்த லொறி எப்ப வரும் எண்டு தெரியாத சனம் அப்பிடித்தான் வாங்கும்.

வன்னியில சண்டை நடந்த நேரம், 2008 செப்டம்பர்ல இலங்கை அரசாங்கம் போகச் சொல்லி ஐ.நா.வும் மற்ற நிறுவனங்களும் கிளிநொச்சிய விட்டு வெளிக்கிட்டதுகள், போகாதேங்கோ எண்டு சனம் வாசல்ல நிண்டு கேட்டது. நவம்பர்ல நிஷா புயல். ஏற்கெனவே ஷெல்லுக்கு ஓடித் தறப்பாளுக்க கிடந்த எங்களுக்கு அதுக்குள்ளயும் வெள்ளம். அம்மா எங்கட நிவாரணக் கார்ட்டுக்கு வாங்கிப்போட்டு, வேற பக்கம் இடம்பெயர்ந்த குஞ்சியம்மான்ர கார்ட்டையும் கொண்டுபோய்த் திரும்ப நிண்டவ. அந்த மாவையும் பருப்பையும் இல்லாத ஆக்களுக்குக் குடுத்தவ எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான். குடுக்கேல்ல. நாங்களேதான் திண்டனாங்கள்.

"அப்ப பின்னால நிக்கிற ஆளுக்கு இல்லாமப் போகுமே?" ஓம், போகும், ஞாயமான கேள்விதான். விதானையாரோட, அதான் கிராம அலுவலரோட இருந்து லிஸ்ட்ட ஒழுங்காப் போடுங்கோ, கூடக் கொண்டு வாங்கோ. ஒரு வீட்டுக்க மூண்டு குடும்பம் இருக்கேக்க ஒரு பொதி எண்டா மற்ற ரெண்டும் வாயப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?

"வெளிநாட்டுக் குளிருக்க வேலை செய்து அனுப்புற காசு, கணக்குக் காட்டோணும்." காட்டுங்கோ ராசா, பில்லப் போடுங்கோ. அதுக்கு அவவின்ர மூஞ்சி என்னத்துக்கு?

கணக்கு எண்டா எல்லாத்தையும் கதைப்பம். 2009 தொடக்கத்தில வன்னிக்க 70,000 சனம் அளவிலதான் எண்டு அரசாங்கம் சொன்னது, கடைசியில மெனிக் பாமிலயும் மற்ற முகாமுகளிலயும் அடைபட்டது 2 லட்சத்து 80 ஆயிரம் வரை. சனத்தக் குறைச்சுக் காட்டினா சாப்பாடும் குறையும்தானே, அதுக்குப் பேர் என்ன? ஐரோப்பாவில சனம் வன்னிச் சனத்துக்கெண்டு சேத்து அனுப்பின வணங்காமண் கப்பல்ச் சாமான், 800 தொன்னுக்கு மேல, இலங்கை நேவி திருப்பி விட்டு, சென்னையில இறக்கி, பிறகு கொழும்புத் துறைமுகத்தில மாசக்கணக்காக் கிடந்தது. அங்க ஆரும் ஃபோன நீட்டி "ஐயா முதலும் வாங்கினீங்கள்தானே" எண்டு கேட்டதோ? கேக்கேலாது. வெறுங்காலோட நிக்கிற மனிசியிட்டத்தான் கேக்கலாம்.

இனிக் கொமெண்ட்ல "நீர் எத்தினை பொதி குடுத்தனீர்" எண்டு வருவினம். ஒண்டும் குடுக்கேல்ல அண்ணை. நான் வாங்கின ஆள், அதாலதான் கதைக்கிறன்.