மன்னிப்புக் கேட்டது டேட்டாபேஸ் மட்டும்தான்

ஆகஸ்ட் சனிக்கிழமை இரவு. திருகோணமலை உப்புவெளியில் சீசன் உச்சம். அந்த நேரம் பார்த்து எங்கள் புக்கிங் சேர்வர் படுத்துவிட்டது. டச்சுக் குடாவில் கடலை கொறித்துக்கொண்டிருந்த எனக்கு விடுதிக்காரர்கள் மாறி மாறிப் போன் எடுத்துத் திட்டுகிறார்கள். வீட்டுக்கு ஓடி சேர்வரின் லொக் பதிவைத் திறந்தால், 'சொறி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி' (மன்னிக்கவும், ஏற்கெனவே ஆட்கள் கூடிவிட்டார்கள்) என்கிறது எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ். அன்றிரவு மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அதுதான்.

சரி, உள்ளே யார் இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனால் எனக்கும் இடமில்லை! உள்ளே வர போஸ்ட்கிரஸ் வழமையாக ஒரே நேரத்தில் தருவது 100 கனெக்‌ஷன். அதில் 3-ஐ இப்படியான ஆபத்துக்கென்றே, எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசருக்கு ஒதுக்கி வைக்கிறது. எங்கள் கெட்டிக்காரர்கள் அப்ளிகேஷனையே சூப்பர்யூசர் கணக்கில் ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த மூன்றையும் அதுவே தின்றுவிட்டது.

அப்ளிகேஷனை நிறுத்தி, நான் முதலில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் 90-ஐத் தாண்டியது. வேலை செய்வது நாலோ ஐந்தோ, மிச்சமெல்லாம் 'ஐடில்', சும்மா இருக்கிறவை. கொழும்பு பஸ்ஸில் லேஞ்சியைப் போட்டு சீட் பிடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறவர்களைப் போல. அவர்களாவது பஸ் வெளிக்கிட முதல் வந்துவிடுவார்கள். இவை வரவே வராது. ரிப்போர்ட் எடுக்கிற ஃபங்ஷன் கனெக்‌ஷனைத் திறக்கும். நடுவில் எரர் வந்தால் மூடாமலே போய்விடும். யார் எழுதியது என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதை முதலாளியிடம் சொன்னால், "தம்பி, அந்த 100-ஐ 500 ஆக்கிவிடுமன். ஏன் இவ்வளவு கதை?"

ஆக்கினேன். அதற்கும் சேர்வரை நிறுத்தித்தான் தொடங்க வேண்டும். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனிப் புரொசெஸ், ஒவ்வொன்றும் தனியாக மெமரி தின்னும், ஐயா! எங்களிடம் இருப்பதோ 4 ஜிபி ராம். செவ்வாய் இரவு மெமரி தீர்ந்து, லினக்ஸ் ஒரு புரொசெஸைக் கொன்றது. ஒன்று அப்படிச் செத்தால், போஸ்ட்கிரஸ் மற்ற எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டுத்தான் திரும்ப எழும்பும். முன்பு 101-ஆவது ஆளுக்குத்தான் இடமில்லை. இப்போது ஒருவருக்குமே இல்லை. போன் திரும்பவும் அலறுகிறது.

கடைசியில் யாரிடமும் கேட்காமல், மூடுகிற வரியை, எரர் வந்தாலும் ஓடியே தீருகிற 'ஃபைனலி' பகுதிக்குள் கொண்டுபோனேன். ஒரே ஒரு வரி! அப்ளிகேஷனுக்குச் சாதாரணக் கணக்கு கொடுத்தேன். நடுவில், கனெக்‌ஷன்களை மாறி மாறிப் பகிர்ந்து கொடுக்கிற பிஜிபவுன்சரை வைத்து, டேட்டாபேஸுக்குப் போகும் கனெக்‌ஷனை 20-ஆக மட்டுப்படுத்தினேன். அந்த 20-இல்தான் அத்தனை விடுதியும் இப்போது ஓடுகிறது.

இன்று காலைக் கூட்டத்தில் முதலாளி எல்லாருக்கும் முன்னால் சொல்கிறார்: "500 ஆக்கின பிறகுதானே எல்லாம் சரி வந்தது."

டவுனுக்குள் மேய்கிற புள்ளிமான்களிடம் போய் இதையெல்லாம் கதைக்கலாம் போலிருக்கிறது. அவை தலையையாவது ஆட்டும்.