வார இறுதிக் கடைக்கும் பதிவு வேண்டும்

இங்கே ஒருவர், "கே.கே. நகரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேசை போட்டு வீட்டு கேக், குக்கீஸ் விற்பவர்களுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு, உரிமம் எதுவும் தேவையில்லை, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள்தானே" என்று எழுதியிருக்கிறார். இது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 31(2) சிறு தயாரிப்பாளர், தெரு வியாபாரி, தற்காலிகக் கடைக்காரர் எல்லோருக்கும் உரிமம் எடுப்பதிலிருந்துதான் விலக்கு தருகிறது. அதே வாக்கியத்தில், அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டு விற்பனை சிறு வியாபாரத்துக்கான வரம்புக்குள் இருந்தால் பதிவு போதும், அவ்வளவுதான். கடை ஒரு நாளா, தினமுமா என்பது கணக்கில்லை.

பயப்படவும் வேண்டாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் பதிவுக்கான படிவம் ஏ, ஒரு புகைப்படம், அடையாள அட்டை இருந்தால் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏஜென்ட் கேட்கும் ஆயிரங்களைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கிடைக்கும் 14 இலக்க எண் 2-இல் தொடங்கும். 1-இல் தொடங்கினால் அது உரிமம்.

அப்புறம், முட்டை சேர்த்த கேக் டப்பாவில் பச்சைப் புள்ளி ஒட்டி விற்பதை நம் ஊரிலேயே பார்க்கிறேன். சட்டப்படி முட்டை அசைவம். பழுப்பு முக்கோணம்தான் வைக்க வேண்டும். விரத நாளில் பச்சைப் புள்ளியைப் பார்த்து நம்பி வாங்கும் பாட்டிக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும்.