90 சதவீதமா? உலகக் கணக்கு அது இல்லை

“உலகெங்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் 90 சதவீதம் பெண்கள்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. தவறு. உலக அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர்தான் பெண்கள். இத்தாலி, ரஷ்யா போன்ற நாடுகளில் 90ஐத் தாண்டுவது உண்மை. யாரோ அதை உலகத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் பாதிகூட இல்லை.

யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனத்தின் தரவுகளை உலக வங்கி இணையதளத்தில் நாடுவாரியாகப் பார்க்கலாம். அங்கே தலைக்கணக்கு ஒரு பட்டியல், சதவீதம் வேறொரு பட்டியல். அவசரத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பகுதிநேர ஆசிரியர்களும் இதில் அடக்கம். எந்த ஆண்டின் எண் என்பதையும் கவனியுங்கள். அந்தச் செய்தியில் ஆண்டே இல்லை! தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.