கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதாது

2020 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கரையேறிய லாரா புயல் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், 'கராஜ் கதவைத் திறந்துவைத்து ஜெனரேட்டர் ஓட்டலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. தயவுசெய்து அதை நீக்குங்கள். அந்த மாநிலத்தில் லாராவின் கடல் வெள்ளத்தைவிட ஜெனரேட்டர் புகைதான் அதிகம் பேரைக் கொன்றது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமோ நிறமோ கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். காற்று திசை மாறினால், கதவு திறந்திருந்தாலும் புகை உள்ளேதான் வரும்.

ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் ஜன்னலைப் பார்க்காதபடி வையுங்கள். படுக்கையறைக்கு வெளியே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அவசியம் (தீப்புகைக்கானது அல்ல). எஞ்சினை அணைத்து, சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

ஜெனரேட்டரிலிருந்து இருபக்கமும் பின் உள்ள வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கிப் போய் பல ஆயிரம் வோல்ட்டாக உயரும். கம்பத்தில் வேலை செய்பவர் பலியாவார். டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் (வெளி மின்கம்பியைத் துண்டித்து வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச்) போடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் வயரில் ஃபிரிட்ஜை மட்டும் ஓட்டுங்கள்.

வெள்ளம் புகுந்த வீட்டில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். சுவரில் உள்ள ஜிப்சம் பலகை திரிபோல ஈரத்தை மேலே இழுக்கும், ஆகவே வெள்ளம் நின்ற உயரத்தைக் காட்டும் நீர்க்கோட்டுக்கு ஓரடி மேலேயே வெட்டுங்கள். உள்ளிருக்கும் வெப்பத்தடுப்புப் பஞ்சையும் எடுத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் நீர்க்கோடு தெரியும்படி படம் எடுங்கள்: அமெரிக்காவில் காற்றுச் சேதத்துக்கும் வெள்ளத்துக்கும் பெரும்பாலும் தனித்தனிக் காப்பீடு, எது வெள்ளத்தால் வந்த சேதம் என்று படம் காட்டும்.